காலி நிலம் என்று எதைச் சொல்கிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

சென்னைக்கு வெளியே துணைநகரம் அமைக்க இடம் தேடும் உன் பயிற்சித் திட்டத்தைப் படித்தேன். நீ குறித்த மூன்று இடங்களுக்கும் முதல் தகுதியாக, ‘காலி நிலம், அரசுப் புறம்போக்கு, விலை குறைவு’ என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பழைய கிராமம் ஒன்றின் வரைபடத்தை எடுத்துப் பார். வீடுகள் இருக்கும் நத்தம் மேட்டில் இருக்கும். ஏரி, அதன் மதகுக்குக் கீழே அந்த ஏரிநீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு, ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு ஓடும் கால்வாய் என்று எல்லாம் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கோடையில் போனால் அந்தக் கால்வாயும் ஏரியின் உள்வாயும் ஆடு மேயும் பொட்டல்தான். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்த்தால்தான் அந்த நிலம் செய்யும் வேலை தெரியும்.

அந்த வேலையைப் பார்க்கத் தவறியதுதான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடந்தது. தென்சென்னையைச் சுற்றியுள்ள 31 ஏரிகளின் உபரிநீர் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலில் சேரவேண்டும். பயனற்ற நிலம் என்று எண்ணிக் குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடங்கள் எழுப்பினார்கள். 2022-இல் அதற்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தபோது, பழைய பரப்பில் சிறு பகுதிதான் மிஞ்சியிருந்தது.

அதன் ஓரத்தில்தான் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றை அங்கே குடியேற்றினார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று பெயர்த்தெடுக்கப்பட்டவர்களின் புதிய வாசலிலும் 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறியது. நகரத்து வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் பலருக்குத் தொலைவு காரணமாகப் பிழைப்பும் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இடத்தைத் தவறாகத் தேர்ந்தவர்கள் யாரும் அங்கே குடியிருக்கப் போவதில்லை.

ஆகவே, தண்ணீர் வடியும் வழி முதலில், வேலையும் ரயிலும் அடுத்து. நவி மும்பையை 1970-களில் கட்டத் தொடங்கினார்கள். மும்பையிலிருந்து அதன் வாஷி பகுதிக்கு மின்ரயில் 1992-இல்தான் வந்தது. நடுவில் எத்தனை பேர் பேருந்தில் வாழ்நாளைக் கழித்திருப்பார்கள்! சென்னைக்குத் தெற்கே உள்ள துணைநகரமான மறைமலை நகருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் ரயிலும் பக்கத்திலேயே இருந்தன, தொழிற்சாலைகளும் வந்தன. கிளாம்பாக்கத்திலோ பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அருகே ரயில் நிலையம் இல்லை.

குடிநீரையும் கணக்கில் எடு. பக்கத்துக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் நீர் கொண்டுவந்துதான் ஊர் பிழைக்கும் என்றால், அந்த இடத்தை விட்டுவிடு.

உன் மூன்று இடங்களுக்கும் கிராம வரைபடத்தையும், நிலங்களின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கு. நீர்நிலை, வாய்க்கால், மேய்க்கால் என்று பதிவானவற்றை எல்லாம் நீலத்தில் தீட்டு. பிறகு அங்கே மதகு திறந்துவிட்ட பெரியவர்களைத் தேடிப்பிடித்து, 2015-இல் தண்ணீர் எந்தச் சுவர் வரை வந்தது என்று கேள். இரண்டாவது இடம் ஏரிக் கலங்கலுக்கு நேர் கீழே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதை முதலில் சரிபார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா