பொம்மையிடம் கற்கும் பாடம்

பொம்மை என்றால் சிறுமியர் விளையாடுவதற்கே என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அனுபவம் மிக்க செவிலியரும் ஒரு பொம்மையின் முன் மண்டியிட்டுப் பாடம் கற்கின்றனர் என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம்.

அப்பொம்மையின் பெயர் 'ரெசுசி ஆன்'. நார்வே நாட்டின் ஸ்டாவஞ்சர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர் 1960-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்துக் காற்றூதும் முறையை டாக்டர் பீட்டர் சஃபார் 1950-களில் அமெரிக்காவில் ஆராய்ந்து நிலைநாட்டியிருந்தார். நின்ற இதயத்திற்காக மார்பை அழுத்தும் முறையும் 1960-இல் வெளியாயிற்று. முறை கிடைத்துவிட்டது, பழகுவது யார்மீது? நலமாயிருப்பவரின் மார்பை அவ்வாறு அழுத்தினால் விலா எலும்பு முறியுமே! அதற்கு விடையாக வந்தவளே ஆன். பாரிஸ் நகரின் ஸேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் அறியாப் பெண்ணொருத்தியின் முகவார்ப்பே அவளுடைய முகம். இதைக் கேட்டபின் அம்முகத்தை உற்றுநோக்க எங்களுக்குச் சற்றுத் தயக்கமாயிருந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் அன்னையார் செவிலியர். முதலுதவி வகுப்பிற்காக அவர் இத்தகைய பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். (மருத்துவமனையில் அவரைச் 'சிஸ்டர்' என்பார்களாம். நம் பள்ளியில் அப்படி அழைத்தால் வேறு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், 'அம்மா' என்றே அழைத்தோம்.) இன்றைய பொம்மையின் மார்புக்குள் உணர்கருவிகள் உள்ளன. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-ஐத் தாண்டாமலும் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பை முழுதும் எழவிட வேண்டும். சரியாகச் செய்தால் பச்சை விளக்கு எரியும்.

முன்பெல்லாம் பயிற்சியாளர் கண்ணால் பார்த்து, "சரி" என்பார், அத்துடன் முடிந்தது. கற்றதோ சில மாதங்களிலேயே கைவிட்டுப் போய்விடும். ஆகவே இப்போது சில மருத்துவமனைகளில் பொம்மையையும் கணிப்பொறியையும் வார்டு அருகிலேயே வைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை வேலைக்கு இடையே சில நிமிடம் பழகச் செய்கிறார்கள். பொம்மை மூத்தவர், இளையவர் என்று முகம் பார்ப்பதில்லை. அது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. முதன்முறை அவர் அழுத்தியபோது, ஆழம் போதவில்லை என்று திரை காட்டியதாம். "பதினெட்டு வருஷமாக இப்படித்தானே அழுத்தினேன்? அன்று இரவு ஒவ்வொரு நோயாளியாக நினைத்துப் பார்த்தேன்" என்றார். நாங்கள் பேசாமல் இருந்தோம்.

பொம்மைக்குச் சொந்தக்காரர்கள் இல்லை என்றும் அவர் கூறினார். உண்மையான கட்டிலருகே மகனோ மனைவியோ கதறிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை எப்படி விலக்குவது, பின்னர் என்ன சொல்வது என்பதை இளம் செவிலியர் இன்றும் மூத்தவர் பக்கத்தில் நின்றே கற்கின்றனராம்.

பிறகு எங்கள் முறை. பதினொருவர் முயன்றோம். எறிபந்துக் குழுத் தலைவிக்கே விளக்கு எரியவில்லை! வகுப்பிலேயே மெலிந்தவளுக்கு எரிந்தது. அவள் முழங்கையை மடக்காமல், உடல் பாரம் முழுவதையும் கைகளின்மேல் இறக்கியிருந்தாள்.