தூண் நடும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு ஏக்கரில் டிராகன் பழம் போடப் போவதாக எழுதியிருந்தாய். போடு, ஆனால் முதல் வருஷம் கால் ஏக்கர் போதும். இதில் கன்றைவிடத் தூணுக்குத்தான் பணம் போகும். ஒரு தூணைச் சுற்றி 4 கன்று, உச்சியில் கான்கிரீட் வளையம் அல்லது பழைய டயர். வளர்ந்த கொடியின் பாரத்தோடு ஆடிக்காற்றையும் தாங்க வேண்டும். ஒல்லித் தூண் நட்டு மிச்சம் பிடிக்காதே.

“கள்ளி இனம்தானே, தண்ணீர் வேண்டாம், கவனிப்பும் வேண்டாம்” என்பார்கள் கன்று விற்பவர்கள். அவர்களுக்கு வரும்படி கன்றில், உனக்குப் பழத்தில். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் காட்டு மரங்களைப் பற்றி ஏறி, அரைநிழலில் வளர்ந்த கொடி இது. நம் சித்திரை வெயிலில் தண்டு மஞ்சளித்து வெந்துபோகும். ஊடே அகத்தி விதை, இல்லையேல் நிழல்வலை கட்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மேட்டுப்பாத்தியில்தான் நட வேண்டும்.

வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தானே காய் பிடிக்கும். சிவப்பில் பலவற்றுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். பூவோ இருட்டிய பிறகு விரிந்து, காலை வெயில் ஏறியதும் வாடிவிடும். அதன் சொந்த மண்ணில் வௌவாலும் அந்துப்பூச்சியும் பார்க்கிற வேலையை, இங்கே நீ டார்ச்சும் தூரிகையுமாகப் பார்க்க வேண்டியிருக்கும். ராத்திரிக்குக் கூலி ஆள் வரமாட்டார்கள். சிவப்பு ரகத்தில் இறங்குமுன் வீட்டில் கேட்டுக்கொள்.

பூத்து 30, 35 நாளில் பழம். பறித்த பிறகு இது இனிக்காது. வாழைத்தார் மாதிரி பழுக்க வைக்கவும் முடியாது. தூர ஊர் வண்டிக்குத் தாங்கட்டும் என்று காயாகவே பறிப்பதால்தான் சப்பென்ற பழம் என்று இதற்குக் கெட்ட பேர். ஜூன் முதல் நவம்பர் வரை எல்லார் தோட்டத்திலும் காய்ப்பதால் விலையும் இறங்கும். வியட்நாமின் பின் துவான் பகுதியில் ராத்திரி பல்பு எரித்துப் பருவம் தப்பியும் பூக்க வைக்கிறார்கள். அந்தச் செலவெல்லாம் இப்போது உனக்கு வேண்டாம். கொடியிலேயே பழுக்கவிட்டுப் பக்கத்து டவுன் ஜூஸ் கடைகளில் கொடுத்துப் பார். அந்த ருசிக்கு ஆள் திரும்பி வந்தால் அடுத்த கால் ஏக்கருக்குத் தூண் வாங்கு.

கன்று எடுக்க ஆவணியில் போ. தாய்ச்செடியைக் காட்டச் சொல். அதில் பழம் தொங்க வேண்டும், ஒன்றை அறுத்துத் தின்று பார். தண்டில் ஆரஞ்சுப் புள்ளியோ பழுப்புச் சொறியோ தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்