தூரமும் பறப்பு நேரமும்

இரு நகரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்த கணக்கு. கணக்குப் பிழையன்று, ஆயினும் வானம் அதற்கு முற்றும் அடங்குவதில்லை. இதனை விளக்க அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரையும் இலண்டன் மாநகரையும் எடுத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் இணைத்த வழியில் நம் இலங்கையும் ஒரு காலத்தில் தங்குமிடமாய் விளங்கிற்று.

முதலில் தூரத்தை நோக்குவோம். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளத்தல் பொருந்தாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் திரிபடைகின்றன. பூகோள உருண்டையில் இரு நகரங்களையும் தொடுமாறு ஒரு நூலை இறுகப் பிடித்தால், அந்நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழியாம். அவ்வாறு அளப்பின் பேர்த்திலிருந்து இலண்டன் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர்.

இனி நேரத்தை நோக்குவோம். 1942 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீள இணைக்க, 1943 இல் குவான்டாஸ் நிறுவனத்தார் கற்றலீனா என்னும் கடல் விமானங்களைப் பேர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை வாவிக்குச் செலுத்தினர். எரிபொருளே பெருஞ்சுமையாதலின் பயணிகள் மூவர்க்கே இடமிருந்தது. பகைவர் அறியாவண்ணம் வானொலியை அடக்கி, விண்மீன்களை நோக்கி வழி கணித்தனர்.

இப்பயணத்தை நாமே கணிப்போம். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகமெனின் 5,650 கிலோமீற்றரைக் கடக்க 28 மணித்தியாலமும் 15 நிமிடமும் செல்லும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிர்த்து வீசின், நிலத்தை நோக்க விமானத்தின் வேகம் 175 ஆகக் குறையும். நேரமோ 32 மணித்தியாலத்தைத் தாண்டும். மேலதிகமான அந்நான்கு மணித்தியாலத்துக்கும் எண்ணெய் இல்லையேல் கடலே கதி. ஆதலின் அங்கே கணக்கென்பது உயிர்க்காவல். 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீண்ட அப்பயணத்தில் சூரியன் இருமுறை உதித்தலைக் கண்டமையால், அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் வழங்கிற்று. 1945 வரை நிகழ்ந்த 271 கடப்புகளில் ஒரு விமானமேனும் அழிந்ததில்லை.

2018 மார்ச்சு மாதத்தில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கிற்று. முன்னர் கொக்கலையை அடையவே ஒரு பகலும் ஓர் இரவும் போதாதிருக்க, இன்று இலண்டனையே ஏறத்தாழ 17 மணித்தியாலத்தில் அடைகின்றனர். தூரம் குறையவில்லை, வேகமே மிகுந்தது. எனினும் காற்றின் ஆட்சி ஒழிந்திலது. உயர்வானில் மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று, கிழக்கு நோக்கிச் செல்வாரை உந்துகின்றது. மேற்கு நோக்கிச் செல்வாரைத் தடுக்கின்றது.

கடிகாரத்தாலும் மயங்கலாகாது. இலண்டனின் கோடைகாலத்தில் பேர்த்தை மாலை 7 மணிக்கு விட்டு 17 மணித்தியாலம் பறப்பவர், அங்கு இறங்கும்போது காலை 5 மணியாயிருக்கும். பத்து மணித்தியாலமே சென்றதெனத் தோன்றும். எஞ்சிய ஏழும் இரு நகரங்களின் நேர வேறுபாடாம்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் இவற்றை அனுபவத்தால் அறிவர். வகுப்பறையிலுள்ள மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: வகுத்தலை அறிந்தவன் விடை காண்பான், காற்றையும் எண்ணியவனே கரை காண்பான்.