மோதலில் யார் மீது தவறு? – விளையாட்டு வேளையில் ஒரு நீதிப் பாடம்

எட்டாம் வகுப்பு மாணவர்களின் விளையாட்டு வேளை. கிரிக்கெட் ஆட்டத்தில் நான்தான் நடுவர். இரண்டாவது ஓட்டத்திற்கு ஓடிவந்த மாணவனும் பந்தை எடுக்கப் பாய்ந்த மாணவனும் மோதி விழுந்தார்கள். இன்னொருவன் பந்தை எடுத்து ஸ்டம்பில் எறிந்தான். நான் உடனே விரலை உயர்த்தினேன். "சார், அவன் வேணும்னே குறுக்கே வந்தான் சார்" என்றான் ஆட்டமிழந்தவன். அப்போது என் கவனம் எல்லைக்கோட்டருகே சண்டையிட்ட இருவர் மீது இருந்தது. மோதலை நான் பார்க்கவே இல்லை. அதன்பின் இரண்டு வாரங்கள் அவன் மைதானத்திற்கு வரவில்லை.

விதிநூலைப் புரட்டியபோதுதான் என் தவறு புரிந்தது. களத்தடுப்பாளர் வேண்டுமென்றே மட்டையாளரை மறித்தால், விதி 41.5-இன்படி மட்டையாளர் ஆட்டமிழக்க மாட்டார். அவரது அணிக்கு 5 ஓட்டங்களும் கிடைக்கும். மட்டையாளர் வேண்டுமென்றே தடுத்தால், விதி 37-இன்படி அவர் அவுட். மோதல் தற்செயலானது என்றால் இரண்டுமே பொருந்தாது. ரன் அவுட் ரன் அவுட்தான். ஆக, மோதல் ஒன்றே, தீர்ப்பு மூன்று.

இரு நிகழ்வுகளை மாணவர்களிடம் சொல்லலாம்.

1999 பிப்ரவரி, கொல்கத்தா ஈடன் கார்டன். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் மூன்றாவது ஓட்டத்திற்கு ஓடிய சச்சின், ஸ்டம்ப் அருகே நின்ற சோயிப் அக்தர் மீது மோதினார். தொலைவிலிருந்து நதீம் கான் எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தாக்கியது. மூன்றாம் நடுவர் கே.டி. பிரான்சிஸ் அவுட் என்றார். ரசிகர்கள் கொந்தளித்தார்கள். கடைசி நாளில் அரங்கைக் காலி செய்த பிறகே ஆட்டம் முடிந்தது. வேண்டுமென்றே மறித்ததாக நடுவர்கள் கருதாததால் ரன் அவுட் நின்றது.

2024 மே 12, சேப்பாக்கம். ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில், ஓட்டம் வேண்டாமெனத் திரும்பிய ஜடேஜா மீது சஞ்சு சாம்சன் எறிந்த பந்து பட்டது. இங்கே பார்க்கப்பட்டது, காரணமின்றி அவர் ஓடும் பாதையை மாற்றினாரா என்பது. மாற்றினார் என மூன்றாம் நடுவர் முடிவு செய்து அவுட் கொடுத்தார்.

பேஸ்பால் ஆட்டத்தில் கணக்கு வேறு. அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க முயலும் களத்தடுப்பாளருக்கே வழியில் முன்னுரிமை. ஓடுபவர்தான் விலக வேண்டும். தெரியாமல் மோதினாலும் அவர் அவுட். பந்தும் இல்லாமல், பந்தைப் பிடிக்கும் முயற்சியும் இல்லாமல் வழியை அடைத்து நின்றால் தவறு களத்தடுப்பாளருடையது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இது எளிதில் புரியும். தெருவில் பாவு நீட்டியிருந்தால் நடப்பவர்தானே ஒதுங்கிப் போகிறார்!

வகுப்பில் செய்து பார்க்க:

மூன்று மாணவர்களை நடுவர்களாக நிறுத்துங்கள். இருவரை மெதுவாக நடந்துவந்து தோள் உரசச் சொல்லுங்கள். ஒவ்வொரு நடுவரும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும்.

1. மோதும்போது பந்து எங்கே இருந்தது?
2. தன் பாதையை மாற்றியவர் யார்?
3. மாற்றியது பந்துக்காகவா, அடிபடாமல் விலகவா, மறிக்கவா?

மூன்று விடைகளும் வந்த பிறகே தீர்ப்பு. 'பார்க்கவில்லை' என்பதும் ஏற்கத்தக்க விடையே. ஒருவரது எண்ணத்தை நாம் பார்க்க முடியாது. அவர் கண் எங்கே இருந்தது, கால் எங்கே திரும்பியது என்பதைப் பார்க்க முடியும். அடிபட்டவரைக் கவனிப்பது இவை எல்லாவற்றிற்கும் முன்னால்.

அந்த மாணவனைத் தனியே அழைத்து, "நான் பார்க்கலப்பா. பார்க்காமலே கை தூக்கிட்டேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். மறுநாள் மைதானத்திற்கு வந்தான். இப்போது எங்கள் ஆட்டங்களில் முதல் கேள்வியைக் கேட்பவன் அவன்தான்.