பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

கேள்வி: கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு இரவில் ஏறும்போது கார் ஹெட்லைட் மங்குகிறது; காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. கோளாறு எதில் என்று மல்டிமீட்டரால் கண்டறிய முடியுமா?
— வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: முடியும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் தொட வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை காட்டுவது சரியான அளவு. ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் போட்டு இன்ஜினைச் சற்று வேகப்படுத்தினாலும் 13.5-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். மலையேற்றத்தில் உள்ள சுமை இதுதான். கணினிக் கட்டுப்பாடுள்ள புதிய கார்களில் இந்த அளவு மாறலாம்.

வோல்ட் ஏறவே இல்லையா? முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டையும் பேட்டரி டெர்மினல்களையும் பார்க்க வேண்டும். அடுத்து, சுமையோடு இன்ஜின் ஓடும்போதே ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குற்றம் ஒயரில், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரில். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

சோதனைக்காக ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. மின்னணுப் பாகங்கள் எரிந்துவிடக்கூடும். பெல்ட் அறுந்தால் பல கார்களில் தண்ணீர் பம்பும் நின்றுவிடும் என்பதால், மலைப்பாதையில் சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.