வாக்காளர் பட்டியலில் யார் பெயர்?

மண்ணூர்

அன்புள்ள தம்பி,

வெள்ளைக்காரன் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை, அறநிலையத் துறை வந்த பிறகுதான் உள்ளே தேர்தலும் அரசியலும் நுழைந்தன என்று ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் அடித்துச் சொன்னாய். உன் கம்பெனி பஸ் வந்துவிட்டதால் அன்று விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததை வரலாறு என்று பேசினால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

1817-லேயே சென்னை மாகாணத்துக் கோயில் சொத்துகள் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்கு வந்துவிட்டன. கலெக்டரே திருவிழாவுக்கு ஏற்பாடு செய்வதா என்று பாதிரிமார் லண்டன்வரை கூச்சல் போட, கிழக்கிந்தியக் கம்பெனி சர்க்கார் மெல்லக் கைகழுவப் பார்த்தது. அதன் முடிவுதான் 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம். வாரியத்தின் இடத்தில் கமிட்டிகள் வந்தன. உறுப்பினர் பதவி ஆயுளுக்கும். இடம் காலியானால் கோயிலில் அக்கறையுள்ளவர்கள் தேர்தல் வைத்து நிரப்ப வேண்டும். மூன்று மாதத்தில் நிரப்பாவிட்டால் கோர்ட் நியமிக்கலாம். நம் மக்கள் சட்டசபைக்கு வாக்களிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இதெல்லாம் எழுதியாகிவிட்டது. கவனித்துக்கொள்.

உறுப்பினர் அந்த மதத்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம் கேட்டது. நாமத்துக்குப் பாதம் உண்டா (தென்கலை) இல்லையா (வடகலை) என்று அது கேட்கவில்லை. நம் வைணவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. காஞ்சி வரதர் சந்நிதியில் யார் பிரபந்தம் சேவிப்பது, எந்தத் தனியனை (குருவைத் துதிக்கும் செய்யுளை) சொல்வது என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள் ஆயிற்றே!  

திருவல்லிக்கேணிக்கு வா. பார்த்தசாரதி கோயில் சண்டை உயர்நீதிமன்றம்வரை போய், கோர்ட்டே நிர்வாகத் திட்டம் வகுத்துக் கொடுத்தது. அந்தத் திட்டப்படி அறங்காவலர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த வட்டாரத்துத் தென்கலையார். வடகலையார் சேவிக்கலாம், தளிகைக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் இந்தக் கோயிலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முதல் தடவை சாதாரணமாகப் படித்தேன். அடுத்த தடவை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அதைப் படித்த பிறகு எனக்குள் ஊறிய எண்ணம் இது: யார் ஜெயித்தார் என்பது பெரிய விஷயமே இல்லை. பட்டியலில் யார் பெயர் ஏறும் என்பதில்தான் உண்மையான சண்டை. உங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு யூனியன் ஓட்டு உண்டு, பக்கத்தில் அதே வேலை செய்யும் கான்ட்ராக்ட் பையனுக்கு இல்லை என்று நீயே புலம்பினாயே, அதே கதை. பட்டியல் போட ஆரம்பித்தால், தான் எந்தக் கலை என்று ஒவ்வொருவரும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். பழக்கமாக இருந்தது ஆவணமாகிவிடுகிறது. நண்பர்கள் இதை மிகை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்றும் நினைக்காதே. ருஷ்யப் பேரரசில் 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதச் சமூகங்கள் தங்கள் மதகுருவான ரப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அரசு ஒப்புதல் தர வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கு அந்த அரசு ரப்பி. மத நெறி கேட்க மக்கள் போனது பல ஊர்களில் வேறொரு ரப்பியிடம். 1843-இல் யூதப் பள்ளிகளைச் சீர்திருத்த பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் ஆணையம் கூட்டினார்கள். யூதர்களுள் பக்தி மார்க்கத்தாரான ஹசீதியரில் லுபாவிச் பிரிவின் தலைவர் மெனாஹெம் மெண்டல் ஷ்னேயர்சோனும், ஹசீதிய எதிர்ப்பின் கோட்டையான வொலோழினிலிருந்து ரப்பி இட்சாக்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். வெளியே ஜென்மப் பகை. உள்ளே இருவருக்கும் சர்க்கார்மேல்தான் சந்தேகம். அரசு கூட்டிய சபை என்பதற்காக அவர்கள் ஒதுங்கவில்லை. நம் கலைக்காரர்களும் ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் எதிராளிக்கல்லவா போய்விடும் அந்த நாற்காலி!

சென்னை மாகாண முதல்மந்திரி பனகல் ராஜா காலத்து அறநிலையச் சட்டத்தைப் பற்றி, 1927-இல் அதை மறுபடி இயற்ற வேண்டி வந்ததைப் பற்றி, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அப்பாதுரையின் புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். ஓரங்களில் கிறுக்காதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்