கண்டற்காடும் கணக்கேடும்

நம் தகப்பனார் காலத்து மளிகைக் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே கரி மூட்டையும் இருக்கும். பாக்காவ் கரி என்றால் புகையாது, நின்று எரியும் என்று பெண்கள் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பாக்காவ் மரமே தமிழில் கண்டல் எனப்படுவது. பேராக்கின் மாத்தாங் காட்டில் 1902 முதற்கொண்டு, வெட்டுவதும் மீண்டும் வளர்ப்பதுமாகத் திட்டமிட்டுக் காத்து வருகிறார்கள். சிங்கப்பூரிலோ கடலைத் தூர்த்தபோதும், ஆற்றுமுகங்களை அடைத்து நீர்த்தேக்கமாக்கியபோதும் கண்டற்காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியதில் ஒரு பங்கு புலாவ் உபின் தீவில் இருக்கிறது. அதை மீட்கும் வேலையைப் பற்றி நாம் பார்த்தும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

மரம் போனால் நட்டுவிட்டால் தீர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பர். நாமும் அப்படி நினைத்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூர்க் கரையில் ஓரிடத்தில், அழைத்தவர்கள் சொற்படி, நம் பிள்ளைகளும் அண்டை வீட்டாருமாக ஒரு காலை முழுதும் முழங்காலளவு சேற்றில் நின்று நட்டோம். படமும் எடுத்துக்கொண்டோம். ஆறாம் மாதம் போய்ப் பார்த்தால் பட்ட குச்சிகள்தாம் நின்றன. அவற்றின்மேல் சின்னஞ்சிறு சிப்பிகள் ஒட்டியிருந்தன. “நாம தண்ணி ஊத்தாததாலயா அத்தா?” என்று இளையவன் கேட்டான். தண்ணீர் மிகுந்ததே காரணம் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம்.

கண்டலுக்கு உப்புநீர் பகையன்று. எவ்வளவு நேரம் மூழ்கியிருக்கிறது என்பதே கணக்கு. கடல் ஏறி இறங்கும் அளவின் மேற்பாதியில், அஃதாவது நடுமட்டத்துக்கும் பெருநீரேற்ற மட்டத்துக்கும் இடையில்தான் அது காடாக வளரும். அதற்குக் கீழே நட்டால் நாளில் பெரும்பொழுது நீரில் மூழ்கி, வேருக்கு மூச்சின்றி மாளும். ஆப்பி ஆப்பி மரத்தடியில் பென்சில் நட்டாற்போல் நிற்பவை காற்று வாங்கும் வேர்களே. பாக்காவின் விதையோ தாய்மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு, விழுந்து, மிதந்து, ஏற்ற இடத்தில் தானே ஊன்றிக்கொள்ளும். ஆகையால் அருகில் தாய்மரங்கள் இருந்தால் ஆள் நட வேண்டுவதில்லை; தரைமட்டம் சரியாயிருந்து, நீர் வந்துபோக வழியிருந்தாற் போதும். அமெரிக்காவில் ப்ளாரிடாவைச் சேர்ந்த ராபின் லூயிஸ் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் வலியுறுத்திய முறை இதுவே.

உபினில் கைவிடப்பட்ட இறால் குளங்கள் இருக்கின்றன. அவற்றின் வரப்புகள் நீரோட்டத்தை மறிக்கின்றன. தரையும் சில இடங்களில் மிகத் தாழ்ந்திருக்கிறது. எங்கே வழி திறப்பது, எங்கே மட்டம் உயர்த்துவது என்பதைத் தொண்டர்கள், பல்கலைக்கழக அறிஞர்கள், தேசியப் பூங்காக் கழகத்தார் எல்லாரும் கலந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை, கடைக்காரனுக்கு இதில் என்ன என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். உபினின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவைத் தூர்க்க ஏற்பாடாகியிருந்தது. 2001-ல் அருங்காட்சியக அறிஞர்களோடு சாதாரண மக்களும் நீர் வற்றிய நேரங்களில் இறங்கி, அங்குள்ள உயிர்களைப் பார்த்துப் பதிந்தார்கள், அரசாங்கத்துக்கும் எழுதினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் தூர்ப்பது ஒத்திவைக்கப்பட்டது. 2007-ல் அங்கே மக்கள் நடந்து பார்க்க 1 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாலம் திறந்தார்கள். கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருந்தது.

அந்தக் கணக்கில் நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. வியாபாரமில்லாத நாளையும் நாம் பேரேட்டில் எழுதுகிறோம் அல்லவா? பறவையோ நண்டோ காணாத நாளையும் அப்படியே எழுத வேண்டும். கண்ட நாளை மட்டும் எழுதினால், குறைந்து வருவது பின்னால் எவருக்கும் தெரியாது.

சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பத்து நிமிடப் பயணந்தான். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். நீர் வற்றும் நேரம் பார்த்துச் செல்க. தெம்பாகுல் மீன் சேற்றில் தத்துவதையும், ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் நண்டையும் பாலத்தின் மேலிருந்தே காணலாம். சேற்றில் இறங்கி மிதிக்க வேண்டா. தேதி, மணி, நீர் நிலை, நின்ற இடம், கண்டது, காணாதது இவற்றை எழுதுக. கோடு போட்ட நோட்டுகள் நம் கடைக் கல்லாவண்டை வைத்திருக்கிறோம். போகிற பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டா.